ரேகை சாஸ்திரமும் சர்க்கார் சாஸ்திரமும்

கைரேகை பார்த்து வருங்காலம் சொல்லுகிறவர்கள் நம் தேசத்தில் எக்காலத்திலும் இருந்து வருகிறார்கள். அவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளங்கையில் எவ்வளவு பொல்லாத ரேகை ஓடினாலும், "சனிக்கிழமைதோறும் எள் தீபம் போடு, மூன்றாம் மாதத்தில் விலகிவிடும்" என்று ஏதேனும் ஒரு பரிகாரம் சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பிரிட்டிஷ் சர்க்காரும் ஒரு காலத்தில் நம் ஜனங்களின் கையைப் பிடித்து ரேகை பார்த்தது. அது சொன்ன பலன் எல்லாருக்கும் ஒன்றேதான். "நீ திருடுவாய், உன் மகன் திருடுவான், உன் பேரனும் திருடுவான்." பரிகாரம் எதுவும் அந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது அதன் கௌரவமான பெயர். தென் ஜில்லாக்களின் கிராமத்தார் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர்களைக் காட்டிலும் பெயர் வைத்தவர்களுக்கு அதன் தத்துவம் நன்றாகப் புரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

சுதந்திரப் போராட்டத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வேதாரண்யத்தையும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தையும் விரிவாக எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் இந்த ரேகைச் சட்டத்தை எதிர்த்துக் கிராமத்து ஜனங்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடத்திய போராட்டத்துக்கு அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. ஆகையால் இந்த வாரம் இப்பகுதியை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

சட்டம் முதன்முதலில் பிறந்தது 1871-ஆம் வருஷம், வட இந்தியாவுக்காக. தச்சன் மகன் தச்சன், நெசவுக்காரன் மகன் நெசவுக்காரன் என்பதுபோல் இந்த நாட்டில் திருடன் மகன் திருடனாகவே பிறக்கிறான் என்பதுதான் அதைக் கொண்டுவந்தவர்கள் சொன்ன வாதம். நம்முடைய ஜாதி முறையைத் துரைமார்கள் எவ்வளவு சிரத்தையாகக் கற்றுக்கொண்டார்கள் பாருங்கள்! நாம் தொழிலுக்குத்தான் ஜாதி வைத்திருந்தோம். அவர்கள் குற்றத்துக்கும் ஒரு ஜாதி கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

1911-ல் சட்டத்தைப் புதுப்பித்துச் சென்னை ராஜதானிக்கும் கொண்டுவந்தார்கள். 1924-ல் எல்லாத் திருத்தங்களையும் ஒன்றுசேர்த்து மறுபடி ஒரு சட்டம் செய்தார்கள். அது வேலை செய்த விதத்தைச் சற்று விளக்கிச் சொல்லுவது அவசியம். ஒரு கூட்டத்தார் தொடர்ந்து குற்றம் செய்கிறவர்கள் என்று நம்புவதற்குக் காரணம் இருப்பதாக மாகாண சர்க்கார் நினைத்தால் போதும், கெஜட்டில் ஓர் அறிவிப்பு வெளியிடலாம். அந்த அறிவிப்புச் சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. பிறகு மாஜிஸ்திரேட்டு அக்கூட்டத்தாரின் பெயர்களைப் பதிவு செய்து பத்து விரல்களின் ரேகையையும் எடுத்துக்கொள்வார். பதிவானவர்கள் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும். வீடு மாறினால் சொல்ல வேண்டும். வெளியூர் போனால் சொல்ல வேண்டும். மதுரை ஜில்லாவில் வெளியூர் போவதற்கு ராதாரிச் சீட்டு என்று ஒன்று வாங்க வேண்டியிருந்தது. புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம் எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். சீட்டு இல்லாமல் அகப்பட்டுக்கொண்டால், மாமியார் வீட்டுக்குப் போனேன் என்று சொன்னாலும் மாடு வாங்கப் போனேன் என்று சொன்னாலும் பயனில்லை.

தண்டனைகளும் விசேஷமானவை. மற்றவர்களுக்குச் சில மாதங்களோடு போகும் குற்றம் இவர்களுக்கு இரண்டாம் தடவையானால் 7 வருஷத்துக்குக் குறையக்கூடாது. மூன்றாம் தடவையானால் ஆயுள் பரியந்தம் தீவாந்தரம். 6 வயது முதல் 18 வயது வரையிலுள்ள பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பவும் சர்க்காருக்கு அதிகாரம் இருந்தது. குடியிருப்பு என்ற பெயரில் வேலி போட்ட இடங்களில் குடும்பம் குடும்பமாகக் கொண்டு வைக்கவும் அதிகாரம் இருந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி. விரல் ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதற்கென்று உலகத்திலேயே முதலில் ஒரு காரியாலயம் ஏற்பட்டது கல்கத்தாவில்தான், 1897-ஆம் வருஷத்தில். ரேகைகளை வகைப்படுத்தும் முறையைக் கண்டுபிடிப்பதில் ஹேம் சந்திர போஸ், அஜிஜுல் ஹக் என்ற இரண்டு இந்தியர்களின் மூளை பெரிதும் உழைத்தது. பெயர் மட்டும் மேலதிகாரியான ஹென்றி துரைக்குப் போயிற்று. இந்தியர்களின் அறிவைக் கொண்டே இந்தியர்களுக்கு விலங்கு செய்தார்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறு வேண்டியதில்லை.

"அப்படியானால் இந்த ஜனங்கள் களவே செய்ததில்லையா?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். களவு நடந்ததுண்டு. மாடு பிடித்தலும் வழிப்பறியும் நடந்ததுண்டு. ஆனால் அந்தக் களவுக்கு முன்னால் நடந்த வேறொரு களவைப் பற்றியும் சொன்னால்தான் கணக்குச் சரியாகும்.

பிரமலைக் கள்ளர் நாட்டில் வானம் பார்த்த பூமிதான் அதிகம். அவர்களுக்கு விவசாயத்தோடு காவல் தொழிலும் இருந்தது. ஊருக்கு ஊர் காவல் ஏற்று, அதற்குக் குடிகளிடம் நெல்லாகவும் பணமாகவும் கூலி வாங்கி வந்தார்கள். களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். களவு போன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்பதும் உண்டு. இதில் கொடுமைகள் இருந்தன என்பதையும், காவல் கொடுக்காத ஊரில் களவு நடப்பது தற்செயலாக இருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1896-ஆம் வருஷத்தில் மதுரை ஜில்லாக் குடியானவர்கள் ஊர் ஊராகப் பண்டு சேர்த்து, காவலுக்குக் கூலி கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்ட கதையும் உண்டு. ஆனால் சர்க்கார் செய்தது என்ன? போலீஸ் இலாகாவைக் கொண்டுவந்து காவலைச் சட்ட விரோதமாக்கிற்று. காவலை இழந்தவர்களுக்கு நிலமா கொடுத்தது? தண்ணீரா கொடுத்தது? 1895-ல் பெரியாற்று அணை முடிந்து மேற்கே போய்க்கொண்டிருந்த ஆறு கிழக்கே திரும்பியபோது, மேலூர்ப் பக்கத்துக்குத் தண்ணீர் போயிற்று. உசிலம்பட்டிப் பக்கத்துக்குப் போகவில்லை. அந்த மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 58 கிராமக் கால்வாய்க்காக ஜனங்கள் சுதந்திரம் வந்த பிறகும் பல வருஷங்கள் மன்றாட வேண்டியிருந்தது.

குறவர்களின் கதை இன்னும் பரிதாபமானது. கடற்கரையில் உப்பை வாங்கிக் கழுதை மேலும் மாட்டின் மேலும் ஏற்றி, உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றி விற்று வந்தவர்கள் அவர்களில் பலர். உப்புக் குறவர் என்ற பெயரே அதற்குச் சாட்சி. ரயில் வந்தது, பாரம் ஏற்றும் தொழில் போயிற்று. உப்பு சர்க்காரின் ஏகபோகமாயிற்று, வியாபாரம் போயிற்று. காட்டுச் சட்டம் வந்தது. மூங்கிலும் மேய்ச்சலும் போயின. பிறகு, நிலையான தொழிலில்லாமல் அலைகிறவர்கள் என்று அவர்கள் மேலேயே குற்றம் சாட்டப்பட்டது! 1930-ல் வேதாரண்யத்தில் நாம் மீறிய உப்புச் சட்டம் அதற்கு வெகு காலம் முன்பே யாருடைய அடுப்பை அணைத்தது என்பதை அப்போது எத்தனை பேர் நினைத்தார்களோ தெரியாது.

இனிப் போராட்டத்துக்கு வருவோம்.

1920-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி. ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருஷம் நிறைவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் என்ற சிற்றூருக்கு ரேகை எடுப்பதற்காக அதிகாரிகள் வந்தார்கள். அவ்வூரார் ரேகை கொடுப்பதில்லை என்று அதற்கு முன்பே தீர்மானித்திருந்தார்கள். நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், எங்களைத் திருடர் பட்டியலில் சேர்ப்பானேன் என்பது அவர்களுடைய கட்சி. பொழுது விடியும் நேரத்தில் போலீஸ் படை ஊரைச் சூழ்ந்துகொண்டது. ஜனங்கள் திரண்டார்கள். வாக்குவாதம் முற்றியது. துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மாயக்காள் என்ற ஒரு ஸ்திரீ உட்பட 16 பேர் இறந்துபோனார்கள். அடிபட்டு விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில்தான் மாயக்காள் மடிந்தாள் என்று அவ்வூர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மீந்தவர்களில் பலர் கைது செய்யப்பட்டு வழக்கு நடத்த இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

அவர்களிடம் பத்திரிகை இல்லை, பிரசங்கிகள் இல்லை. பெருவிரலைக் கொடுக்கமாட்டோம் என்பது ஒன்றுதான் அவர்களுடைய ஆயுதம். சத்தியாக்கிரகம் என்ற சொல் அந்த ஊரில் எத்தனை பேர் காதில் விழுந்திருந்ததோ! கல்லும் கம்பும் அங்கே இருந்தன என்பதும் உண்மைதான். ஆனாலும் அக்கிரமமான ஒரு கட்டளைக்கு ஓர் ஊர் முழுதும் சேர்ந்து இணங்க மறுத்தது என்பதை எந்தத் தராசில் வைத்தாலும் எடை குறையாது.

இந்த ஏழை ஜனங்களுக்காகக் கோர்ட்டில் பேச ஒருவர் முன்வந்தார். ஜார்ஜ் ஜோசப் என்று பெயர். திருவாங்கூரில் செங்கன்னூரில் 1887-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று மதுரையில் தொழில் நடத்தினார். மதுரை மில் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்தவர்களில் ஒருவர். காந்தியடிகளின் 'யங் இந்தியா'வுக்குச் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். 1924-ல் வைக்கத்தில் முன்னணியில் நின்றார். கிறிஸ்தவர், மலையாளி. கள்ளர் நாட்டுக்கும் அவருக்கும் ஜாதியிலோ மதத்திலோ பாஷையிலோ ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்படிப்பட்டவர் அவர்களுடைய வழக்குகளை எடுத்து நடத்தினார், சட்டத்தைக் கண்டித்து எழுதினார், பேசினார். ஜனங்கள் அவருக்கு ரோசாப்பூ துரை என்று பெயர் வைத்தார்கள். 1938-ல் அவர் காலமான பிறகும் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிடும் வழக்கம் இருந்து வந்தது. பட்டமும் பதவியும் பெற்ற பல வக்கீல்களின் பெயரை அவர்களுடைய பேரன்மாரே மறந்துவிட்ட இந்நாட்டில், இது எவ்வளவு பெரிய பீஸ் என்று யோசித்துப் பாருங்கள்.

பெருங்காமநல்லூருக்குப் பிறகு சர்க்கார் ஒரு கையில் தடியும் மற்றொரு கையில் சிலேட்டுமாக வந்தது. கள்ளர் சீரமைப்பு என்று ஓர் இலாகா ஏற்பட்டது. பள்ளிக்கூடங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், கிணறு வெட்டக் கடன், பஞ்சாயத்துக்கள் எல்லாம் வந்தன. இரவில் ஆஜர் கொடுக்கும் கட்டாயமும் கூடவே இருந்தது. தகப்பன் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். மகன் காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டும். புது மாப்பிள்ளைகூட மந்தையில் போய்ப் படுத்த கதைகளை அந்தப் பக்கத்துக் கிழவர்கள் சொல்லக் கேட்டவர்கள் பலர். ஆயினும் அந்தப் பள்ளிக்கூடங்களை ஜனங்கள் தங்களுடையவை ஆக்கிக்கொண்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது. நூறு வருஷத்துக்குப் பிறகு, 2023-ஆம் வருஷத்து பட்ஜெட்டில் அப்பள்ளிகளைப் பொதுக் கல்வித் துறையோடு சேர்க்கப் போவதாகச் சர்க்கார் அறிவித்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்தில்தான் எதிர்ப்புக் கிளம்பியது. அவமானத்தின் பெயரில் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தை அதே பெயரோடு காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் போராடுவானேன் என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்கு வியப்பாக இருந்திருக்கும். வேறு பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் தங்கள் பாட்டன் எழுத்துப் படித்த இடம் அது என்பதை நினைத்தால் வியப்பு அடங்கிவிடும்.

குடியிருப்புக்களின் விஷயம் வேறு. குண்டூர்ப் பக்கத்தில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பை 1910-களில் ரட்சணிய சேனையார் சர்க்காரின் உதவியோடு நிறுவினார்கள். அக்காலத்தில் அது நம் சென்னை ராஜதானியைச் சேர்ந்ததுதான். அங்கே வைக்கப்பட்ட எருகுலக் குடும்பங்களிலிருந்து சீராலாவிலிருந்த புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆட்கள் போய் வேலை செய்தார்கள். ஸ்திரீகளும் குழந்தைகளும்கூடப் போனார்கள். வேலையை விட்டு ஓட முடியாத கூலிக்காரனைக் காட்டிலும் முதலாளிக்கு லாபகரமானவன் யார்? சீர்திருத்தம் யாருக்கு நடந்தது, சம்பாத்தியம் யாருக்கு நடந்தது என்பதைச் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

1929-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆப்ப நாட்டு மறவர்கள் மேலும் சட்டம் பாய்ந்தது. 19 ஊர்களில் சுமார் 2000 பேர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அப்போதுதான் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய், ரேகை கொடாதீர்கள் என்று பிரசாரம் செய்யத் தொடங்கினார். அவருக்கு அப்போது இருபது வயதுக்குமேல் சொற்பம்தான். நில உடைமையுள்ள குடும்பத்துப் பிள்ளையாகையால் அவர் மேல் சட்டம் பாயவில்லை. அவர் வாய்திறக்காமலே இருந்திருக்கலாம். பிரசாரத்தின் பலனாகப் பட்டியல் 2000-லிருந்து 341-ஆகக் குறைந்தது. 1934-ல் அபிராமத்தில் ஒரு மகாநாடு கூடிச் சட்டத்தை அடியோடு எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1936-ல் பண்டித ஜவஹர்லால் நேரு நெல்லூருக்கு வந்திருந்தபோது, எந்த ஒரு ஜாதியையும் பிறப்பினால் குற்றவாளி என்று சொல்ல முடியாது, இச்சட்டம் பிரஜா உரிமைக்கே விரோதமானது என்று பகிரங்கமாகக் கண்டித்தார். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த ஜீவானந்தம், ராமமூர்த்தி முதலியவர்களும் இந்தக் கிளர்ச்சிக்குத் துணை நின்றார்கள். கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்த காலத்திலும் இந்த விஷயத்தில் மட்டும் பலரும் ஒரே பக்கம் நின்றது நமக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

1937-ல் காங்கிரஸ் மந்திரி சபை வந்தது. ராஜாஜி பிரதம மந்திரி. இனி ரேகைச் சட்டம் தொலைந்தது என்று ஜனங்கள் நம்பினார்கள். மதுவிலக்கு வந்தது, ஆலயப் பிரவேசத்துக்கு வழி பிறந்தது, விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கச் சட்டம் வந்தது. ரேகைச் சட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மந்திரி சபைக்கு வேறு கவலைகள் அநேகம் இருந்தன. போலீஸ் இலாகா அச்சட்டத்தைக் கைவிட விரும்பவில்லை. ஆயுள் இரண்டேகால் வருஷம்தான் என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். தேசியப் பத்திரிகைகள் அன்றைக்கும் பிறகும் அப்படித்தான் சொல்லி வந்தன. நமக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. இரவு தோறும் சாவடிக்குப் போய்ப் படுத்தவனுக்கு, தன் ஓட்டினால் வந்த மந்திரி சபையும் தன்னைத் திருடன் என்றே நினைக்கிறது என்று தோன்றியிருக்குமானால், அவனை எப்படிக் குறை சொல்வது? தேவர் காங்கிரஸை விட்டு விலகிப் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் 1947-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக, சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாயிற்று. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அப்போது பிரதம மந்திரி; போலீஸ் இலாகா டாக்டர் சுப்பராயன் வசம் இருந்தது. மற்ற மாகாணங்களில் சங்கிலி இன்னும் சில வருஷம் கிடந்தது. அனந்தசயனம் ஐயங்காரின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி 1949-ல் நியமிக்கப்பட்டு, சட்டத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லிற்று. 1952-ஆம் வருஷம் ஆகஸ்டு 31-ஆம் தேதி முதல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் இல்லாமற் போயிற்று. தேசத்தின் மற்ற ஜனங்களுக்கு ஆகஸ்டு 15 சுதந்திர தினம். சீர்மரபினருக்கு ஆகஸ்டு 31-ம் ஒரு சுதந்திர தினம். ஐந்து வருஷமும் பதினாறு நாளும் பிந்தி வந்த சுதந்திரம்.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதே இல்லை. பழைய சட்டம் போகும்போதே அதன் தம்பி பிறந்துவிட்டான். வழக்கமாகக் குற்றம் செய்கிறவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று 1948-ல் நம் மாகாணத்திலேயே ஒன்று வந்தது. பிறகு வேறு பல மாகாணங்களிலும் வந்தது. வித்தியாசம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்: இதில் ஜாதி கணக்கில்லை, ஒருவன் முன்பு தண்டனை அடைந்திருக்க வேண்டும். ஆனால் யாரை முன்பே பலமுறை தண்டித்து வைத்திருக்கிறதோ அந்த ஜாதியார்தான் இந்தப் பட்டியலிலும் முதலில் வந்து நிற்பார்கள் என்பதை அறிய ரேகை சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊரில் ஒரு நகை காணாமற்போனால், போலீஸார் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறார்கள் என்று குறவர் குடிசைகளில் விசாரித்தால் தெரியும்.

1998-ல் மேற்கு வங்காளத்தில் புருலியா ஜில்லாவில் புதன் சபர் என்ற ஏழைத் தொழிலாளி போலீஸ் காவலில் இறந்துபோனார். சபர் கூட்டத்தார் பழைய பட்டியலில் இருந்தவர்கள். வங்காளி எழுத்தாளர் மகாசுவேதா தேவி அந்த ஜனங்களின் சங்கத்தோடு சேர்ந்து விஷயத்தைக் கல்கத்தா ஹைகோர்ட்டுக்குக் கொண்டுபோனார். நஷ்ட ஈடு கொடுக்கவும் மத்தியப் புலனாய்வு இலாகா விசாரிக்கவும் உத்தரவாயிற்று. அதே வருஷத்தில் அந்த அம்மையாரும் குஜராத்திலிருந்து கணேஷ் தேவியும் மகாராஷ்டிரத்து லட்சுமண் கெய்க்வாடும் சேர்ந்து சீர்மரபினரின் உரிமைக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். கெய்க்வாடு அந்தப் பட்டியலிலிருந்த ஒரு ஜாதியிலேயே பிறந்து, தம் வாழ்க்கையை மராத்தியில் புத்தகமாக எழுதியவர். ஆமதாபாத்தில் சாராநகர் என்ற இடத்தில், பிறவித் திருடர் என்று பெயர் வாங்கிய சாரா ஜாதி வாலிபர்கள் புதன் சபரின் மரணத்தையே நாடகமாக்கி நடித்தார்கள். நாடகத்தைப் பார்க்கப் போலீஸ் அதிகாரிகளையும் அழைத்தார்கள்! இந்தத் துணிச்சல் எந்தச் சங்கத் தீர்மானத்தைவிடவும் நமக்குப் பிடித்திருக்கிறது.

2007-ல் இன வேற்றுமையை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் சபைக் கமிட்டி, வழக்கக் குற்றவாளிச் சட்டத்தை எடுத்துவிடும்படி இந்தியாவுக்குச் சொல்லிற்று. ரெங்கே கமிஷனும் பிறகு இடாத்தே கமிஷனும் சீர்மரபினரின் நிலைமையை விசாரித்து அறிக்கைகள் கொடுத்தன. அறிக்கைகளுக்கு நம் நாட்டில் என்ன கதி நேர்கிறது என்பது நேயர்கள் அறிந்ததே. தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் இந்தப் பட்டியலில் உண்டு. 1979-ல் பழங்குடி என்ற சொல்லை எடுத்துச் சமூகம் என்று மாற்றினார்கள். ஒரு சொல்தானே என்று இருந்துவிட முடியவில்லை; மத்திய சர்க்காரின் உதவிகளுக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. அதைத் திரும்பப் பெறுவதற்காக ஜனங்கள் ஊர்வலமும் உண்ணாவிரதமும் நடத்தி, 2019-ல்தான் ஓரளவு வெற்றி கண்டார்கள்.

2024-ஆம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, போலீஸ் நிலையங்களில் சரித்திரத் தாள் திறக்கும்போது பின்தங்கிய வகுப்பார், சீர்மரபினர் முதலியவர்களின் பேரில் யோசனையில்லாமல் திறக்கக்கூடாது என்று எச்சரித்தது. அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி மற்றொரு தீர்ப்பு வந்தது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் சிறைச்சாலைகளில் ஜாதி பார்த்து வேலை கொடுப்பதைப் பற்றி ஆராய்ந்து எழுதி, பிறகு தாமே வழக்கும் போட்டார். பல மாகாணங்களின் சிறை விதிகளில் இன்ன ஜாதியார் சமைக்க வேண்டும், இன்ன ஜாதியார் பெருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பழைய பட்டியலிலிருந்த ஜாதிகளைத் தப்பி ஓடும் சுபாவமுள்ளவர்கள் என்று சொல்லும் விதிகளும் இருந்தன. நம் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளை ஜாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த விஷயமும் கோர்ட்டின் முன் வந்தது. கோர்ட்டு அந்த விதிகளையெல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது. சிறைப் பதிவேடுகளில் ஜாதிக்கென்று உள்ள கலத்தை அழித்துவிட வேண்டும் என்றும், விதிகளைத் திருத்த மாகாண சர்க்கார்களுக்கு மூன்று மாதம் அவகாசம் என்றும் உத்தரவிட்டது. சீர்மரபினரைப் போலீஸார் காரணமின்றிக் கைது செய்யக்கூடாது என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. 1871-ஆம் வருஷத்திலிருந்து எண்ணினால், அதற்கு 153 வருஷம் ஆகியிருக்கிறது.